நாலு மணிக்கு மேல் பிள்ளை யார் கண்ணில்?

ஐப்பசி பிறந்துவிட்டால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. நவம்பர் நடுவில் மாலை 5.45-க்குள் சூரியன் மறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் ஐந்து மணிக்கே தெருவிளக்கைத் தேட வேண்டியிருக்கும். தொடக்கப் பள்ளி விடுவது நாலு மணியை ஒட்டி. சிப்காட்டில் ஜெனரல் ஷிப்ட் போன அம்மா கம்பெனி பஸ் பிடித்து வீடு சேர ஆறரை ஆகும். அப்பா இரண்டாம் ஷிப்ட் என்றால் இரவு பத்துக்கு மேல்தான். நடுவில் உள்ள அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளை யார் கண்ணில் இருக்கப்போகிறது? மழை வலுக்கும் முன் ஒவ்வொரு வீடும் இதை முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 ஜூலை 12, சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பள்ளி விட்டுப் பாட்டி வீட்டுக்குத் தனியே நடந்துபோன சிறுமியைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன் தூக்கிச் சென்று பாலியல் வன்கொடுமை செய்தான். குழந்தை முன்னே நடக்க, அவன் பின்னே வரும் கண்காணிப்புக் கேமரா காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அவனைப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. பட்டப்பகல், பழகிய வழி, போய்ச் சேரவேண்டியது சொந்தப் பாட்டி வீடு. அந்தக் குழந்தையோ குடும்பமோ செய்த தவறு இதில் எதுவுமே இல்லை. நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நடந்து போகிறார்கள்.

அதனால் முதல் வேலை, பிள்ளையைத் தனியே விடாமல் இருப்பது. ஒரு தெருவில், ஒரு காலனியில் நாலைந்து பிள்ளைகள் அதே பள்ளிக்குப் போவார்கள். அவர்களை ஒரு கூட்டமாகக் கோர்த்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கடைசியில் வரட்டும், சின்னது நடுவில் நடக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுப் பெரியவர் கூடப் போய் வந்தால் ஐந்து வீட்டுக்கு ஐந்து நாள் சரியாகிவிடும். ஷிப்ட் மாறும் வாரத்தில் யார் யாருக்குப் பதிலாக வருவார் என்பதை ஞாயிற்றுக்கிழமையே பேசிவிடுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மணி அடித்ததும் மொத்தமாகக் கதவைத் திறந்துவிடாமல், தெரு வாரியாக வரிசை பிரித்து அனுப்புங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். அழைத்துப் போக வருபவர் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவர் மாமா என்றாலும் சித்தப்பா என்றாலும், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

போன் என்றதும் இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வந்து நிற்கிறது. பல கம்பெனிகளில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டீச்சர் பதினொரு மணிக்கு அழைத்தால், அம்மாவின் போன் செக்யூரிட்டி அறையில் ஒரு பெட்டிக்குள் அடித்து ஓயும். பள்ளியில் அம்மாவின் எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது. கம்பெனி கேட்டின் எண், சூப்பர்வைசரின் எண், பக்கத்து வீட்டு எண் என மூன்றும் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று கேட்டில் ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லி மேலாளர்களைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். லைனை விட்டு இரண்டு நிமிடம் நகர்ந்தால் எந்த உற்பத்தியும் நின்றுவிடாது.

காலையிலும் இதே கவனம் வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான், 2024 ஜூலை 15 அன்று. அந்தச் சாப்பாட்டைப் பசிக்கான ஏற்பாடாகத்தான் எல்லாரும் பார்க்கிறோம். அது நல்ல காவலும்கூட. கிச்சடி பரிமாறும் அக்காவுக்கு எந்தப் பிள்ளை இன்று தட்டோடு வரவில்லை என்பது வருகைப் பதிவுக்கு முன்பே தெரிந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பியும் பள்ளி வந்து சேராத பிள்ளையை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர். அவர் சொன்னதும் வீட்டுக்கு ஒரு அழைப்பு போக வேண்டும் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.

அடுத்து மழை விடுமுறை. கலெக்டரின் அறிவிப்பு பல நாள் விடியற்காலையில்தான் வரும். அதற்குள் காலை ஷிப்ட் போகிறவர் பஸ் ஏறியிருப்பார். பிள்ளை பூட்டிய வீட்டுக்குள்ளோ பூட்டாத தெருவிலோ நாள் முழுக்கத் தனியே கிடக்கும். திடீர் விடுமுறை என்றால் எந்த வீட்டில் விடுவது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை இன்றே பேசி வையுங்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டே விடுங்கள்.

சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2025 டிசம்பர் 16 அன்று ஆர்.கே.பேட்டை அருகே கொண்டாபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சுவர் இடிந்து விழுந்து ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். அதற்கு நாலு ஆண்டுக்கு முன், 2021 டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலி சாப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தேதிகளைப் பாருங்கள், இரண்டும் மார்கழி பிறந்த கையோடு. பழைய சுவர் ஐப்பசியும் கார்த்திகையும் குடித்த தண்ணீரைச் சுமந்துகொண்டே நிற்கும். உள்ளே சாந்து கரைந்து, அடிமண் இளகியிருக்கும். மழை விட்டு வெயில் அடித்து, பிள்ளைகள் மறுபடி வெளியே உட்கார ஆரம்பிக்கும் நாளில் அது விழலாம். மழை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்ற எண்ணம்தான் ஆபத்து.

சுவரைப் பார்க்க எல்லாருக்கும் தெரியும். தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவரில், மொட்டை மாடி ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று துளிர்த்திருக்கும். பச்சையாக, பார்க்க அழகாகவே இருக்கும். அதன் வேர் செங்கல் சந்துக்குள் எத்தனை தூரம் போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது. தண்ணீர் அந்த வழியேதான் இறங்குகிறது. அதன் கீழே உப்புப் பூத்து, பூச்சு உப்பி நிற்கும். விரல் கணுவால் தட்டினால் ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கும். நேராக ஓடும் மயிரிழை விரிசலைவிட, செங்கல் வரிசையோடு படிப்படியாக இறங்கும் விரிசலுக்குப் பயப்படுங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், இன்ஜினியர் வரும்வரை காத்திருக்காமல் அந்தப் பக்கம் கயிறு கட்டி, பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். போட்டோ எடுத்துத் தலைமை ஆசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பதிவாவதில்லை. மார்கழி முதல் வாரத்தில் ஒருமுறை மறுபடி சுற்றிப் பாருங்கள்.

குழிகள் இன்னொரு கவலை. சவுடு மண் எடுத்த ஏரிப் பள்ளங்களும் செங்கல் சூளை ஓரத்துக் குழிகளும் இந்த மாவட்டமெங்கும் இருக்கின்றன. கோடையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடம் இப்போது தண்ணீர் நிரம்பிச் சமதரைபோல் தெரியும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆள் உயரப் பள்ளம். முங்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் போய்விடும். பள்ளிக்குப் போகும் வழியில் இப்படி எத்தனை குழி என்று ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்து, முள்வெட்டிப் போட்டு அடைக்கவாவது ஊராட்சியிடம் கேளுங்கள். ஒருவர் விழுந்தால் கூட இருக்கும் பிள்ளை குதிக்கக் கூடாது. துண்டையோ கொம்பையோ நீட்டிவிட்டு, பெரியவர்களைக் கூவி அழைக்க வேண்டும். இதை இப்போதே சொல்லிக் கொடுங்கள்.

கொல்கத்தா நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் பள்ளி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்டெய்னர் லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பம்பரை ஒட்டி நிற்கும் மூன்றடிப் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நின்றிருக்கும் லாரியின் முன்னாலும் பின்னாலும் குறுக்கே போகக் கூடாது என்று பிள்ளைக்கு நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். வெளிர் நிறக் குடையோ மழைக்கோட்டோ வாங்கிக் கொடுங்கள், கறுப்பு வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்று. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால் நமக்கு எப்படித் தெரியவரும்? முன்பின் தெரியாதவனைப் பற்றி மட்டும் எச்சரித்தால் போதாது. இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் செய்பவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். ஆண் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. திடீரென்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒதுங்குவது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது என்று ஏதாவது தெரிந்தால் அடம் என்று அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். “நீ ஏன் அங்கே போனே?” என்ற ஒரு கேள்வி போதும், பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது. திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள்.

2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் குழந்தையின் பக்கம் நிற்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் அதுவே குற்றம். பள்ளி நிர்வாகத்துக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளி எதுவும் வாட்ஸ்அப் குரூப்பில் போகக் கூடாது. பரப்புவதும் சட்டப்படி தண்டனைக்குரியது.

2025 ஜூலைச் சம்பவத்தில் பிடிபட்டவன் வடமாநிலத்தவன் என்றதும், அங்கிருந்து வந்த தொழிலாளர்கள் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பேச்சு எழுந்தது. அது தவறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். தமிழ் சரியாக வராததால், தனக்கு நேர்ந்ததை டீச்சரிடம் சொல்லத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். உங்கள் தெருக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார்கள் என்று இந்த வாரம் போய்க் கேளுங்கள். பள்ளி தொடர்பான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417. குழந்தைகளுக்கான 1098 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, பிள்ளையே நேரடியாகப் பேசலாம். 1098-ஐயும், கம்பெனி கேட்டின் எண்ணையும் இன்று இரவே பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.