துண்டு வெட்டும் முன் ஒரு மணி நேரம்

உயிரை மாய்க்க முயன்ற ஒருவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டால், வைத்தியர்களும் தாதியரும் முதலில் அவரது உடலைக் காக்கப் போராடுகின்றனர். சேலைன் ஏறுகிறது, நாடி சீராகிறது, இரண்டொரு நாளில் நோயாளி எழுந்திருந்து கஞ்சி குடிக்கிறார். வீட்டார் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஊரில் கதை பரவுமுன் துண்டு வெட்டிக் கூட்டிப்போக அவசரப்படுகின்றனர். சிகிச்சையின் மறுபாதி தொடங்க வேண்டிய நேரம் அதுவே.

ஏனெனில் அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய காரணம் வீட்டிலேயே இருக்கிறது. கிழமைதோறும் நுண்கடன் பணம் கேட்டு வருபவர் இந்தக் கிழமையும் வருவார். கணவனின் குடி நின்றுவிடவில்லை. 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. வைத்தியசாலையை விட்டு வந்தபின் வரும் முதற் கிழமைகளும் மாதங்களுமே மிகவும் ஆபத்தானவை என்பது உளமருத்துவர்கள் யாவரும் அறிந்த விடயம்.

இதற்கு நீண்டகால உளவியற் சிகிச்சைதான் வேண்டும், அதற்குரிய நிபுணர்கள் எமது பகுதியில் எத்தனை பேர் என்று மனம் தளர வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் 2005 வரை ஐந்து நகரங்களில் 1,867 நோயாளரைச் சேர்த்து ஓர் ஆய்வை நடத்தியது. எமது கொழும்பும் தமிழகத்தின் சென்னையும் அவற்றுள் இரண்டு. மற்றவை பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளில் உள்ளன. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மறுபகுதியினருடன் துண்டு வெட்டும் நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரம் தனியே இருந்து பேசினார்கள். பின்னர் 1, 2, 4, 7, 11ஆம் கிழமைகளிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும், ஆக ஒன்பது தடவை, நேரிற் சென்றோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் வைத்தியர், தாதி, உளவியலாளர் போன்றோர்.

2008இல் முடிவு வெளியாயிற்று. பதினெட்டு மாத இறுதியில் விபரம் கிடைத்தோரில், வழக்கமான சிகிச்சை பெற்ற 827 பேரில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். பேசிப் பின்தொடரப்பட்ட 872 பேரில் இருவர் மாத்திரமே. மீண்டும் முயன்றோரின் விகிதம் இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பேச்சினால் எல்லாமே தீர்ந்துவிடாது. ஆயினும் இறப்பில் இவ்வளவு வேறுபாடு காண்பது சிறிய காரியமா?

அந்த ஒரு மணி நேரத்தில் புத்திமதி சொல்வதில்லை. "பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவில்லையா?" என்று அதட்டுவதுமில்லை. (எம்மவர் கட்டிலருகில் முதலிற் கேட்பது இதைத்தான்!) இந்த எண்ணம் தாங்கமுடியாத மனநோவின் அடையாளம் என்றும், அது மீண்டும் வரக்கூடும் என்றும் விளக்குவார்கள். வந்தால் வேறென்ன செய்யலாம், எங்கே போகலாம் என்பதைச் சேர்ந்து ஆராய்வார்கள். சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் இதை மூன்று சந்திப்புகளாக விரித்திருக்கின்றனர். முதற் சந்திப்பில் நோயாளி தன் கதையைத் தானே சொல்ல, அது ஒளிப்பதிவாகிறது. இரண்டாவதில் இருவரும் அதைப் பார்த்து, எந்த இடத்தில் மனம் திரும்பிற்று என்று தேடுகின்றனர். மூன்றாவதில் எச்சரிக்கை அடையாளங்களும் செய்யவேண்டியவையும் எழுத்தில் இடப்படுகின்றன. அதன்பின் இரண்டு வருடங்களுக்குக் கடிதங்கள் போகின்றன. 2016இல் வெளியான அறிக்கையின்படி, இச்சிகிச்சை பெற்ற 60 பேரிடையே இரண்டு வருடத்தில் 5 முயற்சிகளும், பெறாத 60 பேரிடையே 41 முயற்சிகளும் பதிவாயின.

எம்மிடையே இதற்குக் குறுக்கே நிற்பது வெட்கமும் பயமும். பொலிஸ் வழக்கு வருமென்று இன்றும் சிலர் அஞ்சுகின்றனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. திருச்சபை என்ன சொல்லுமோ என்ற பயம் முதியவர்களிடம் உண்டு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், வேண்டுமென்றே தம் உயிரைப் போக்கியோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வாறு தற்கொலையைக் குறிப்பிடும் விதி இல்லை. கடுமையான உளப்பாதிப்பும் வேதனையும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இன் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. இறந்தவர் பற்றியே இப்படியானால், உயிர் தப்பி வந்தவரை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆகவே, வீட்டில் இப்படியொருவர் விடுதியில் இருந்தால், உளநலப் பிரிவில் உள்ளவர்கள் அவரைப் பார்த்துப் பேசும்வரை துண்டு வெட்டக் கேட்காதீர்கள். அவர்கள் தாமாக வராவிட்டால் விடுதி வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் "இப்பவும் சாக வேணும் போல இருக்கோ?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் எண்ணம் புகுந்துவிடாது. கேட்டவர் ஒருவராவது இருக்கிறார் என்பதே ஆறுதலாகும். வயல் மருந்துகளை வீட்டில் வைக்காமல், உறவினரிடமோ பூட்டிய இடத்திலோ ஒப்படையுங்கள். 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை இறப்பு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியதற்குக் கொடிய பயிர்மருந்துகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். அந்த எண்ணம் வரும் வேளைகள் பெரும்பாலும் நீடிப்பதில்லை. கைக்கெட்டிய இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அவ்வேளை கடந்துவிடும். இரவில் அவசரமானால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை அழைக்கலாம். உடனடி ஆபத்தென்று தோன்றினால் தனியே விடாமல் கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ கிளினிக்குக்கு வருவதென்றால் ஒருநாட் கூலி போய்விடும், பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு வராது. அதனாலேயே பலர் இரண்டாம் முறையோடு நின்றுவிடுகின்றனர். துண்டு வெட்டும்போதே கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைக் கவனித்து, அன்று யார் கூடப் போவது, வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளில்லையென்றால் அயலிலோ பங்கிலோ நம்பிக்கையான ஒருவரிடம் அந்தத் திகதியைச் சொல்லிவையுங்கள்.