வில்லும் குடமும் ஒரு ‘ஆமா’வும்



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கதை சொல்லும் கலை பற்றி எழுதச் சொன்னாங்க எங்க தமிழம்மா. எல்லாரும் பாட்டி வடை சுட்ட கதையை எழுதுவாங்கன்னு நினைச்சேன். அதனால் நான் வில்லுப்பாட்டு பற்றி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. எங்க ஆச்சியின் தம்பி ஒரு வில்லுக் குழுவில் 40 வருஷத்துக்கு மேலாகக் குடம் அடிக்கிறவர். குடத்துத் தாத்தா என்றுதான் நாங்க கூப்பிடுவோம். 3 ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதியது இது.

வில்லுப்பாட்டு நம் திருநெல்வேலிச் சீமைக்கும் கன்னியாகுமரிப் பக்கத்துக்கும் உரிய கலை. டி.வி.யில் பார்த்தவர்கள் அதை மேடைக் கலை என்று நினைப்பார்கள். ஆனால் அது பிறந்தது கோயில் கொடைக்காக. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்துப்பட்டன் என்று எந்தச் சாமிக்குக் கொடையோ, அந்தச் சாமியின் கதையை அந்தச் சாமிக்கு முன்னாலேயே உட்கார்ந்து பாடணும். மதியக் கொடைக்கும் பாட்டு உண்டு, சாமக் கொடைக்கும் பாட்டு உண்டு. தூங்காமல் கேட்பது பெரிய காரியம். நான் பாதியில் தூங்கியிருக்கிறேன்.

வில் ஒரு ஆளைவிட நீளமாக இருக்கும். அதில் வரிசையாக மணிகள் கட்டியிருப்பார்கள். மண்குடத்தைச் சாய்த்து வைத்து அதன் கழுத்தில் வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். நாண் மேல்பக்கம் இருக்கும். நடுவில் உட்காரும் அண்ணாவி 2 வீசுகோலால் நாணில் அடிப்பார். அந்த அதிர்ச்சியில் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். குடம் அடிப்பவர் தட்டையான ஒரு பத்தையால் குடத்தின் வாயில் அடிப்பார். ‘பும் பும்’ என்று வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான். கூட உடுக்கு, ஜால்ரா, கட்டை. அண்ணாவிக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் வலம் பாடுகிறவர்கள். இடப்பக்கம் இருப்பவர்கள் இடம் பாடுகிறவர்கள்.

காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி. இதுதான் வரிசை. பரீட்சைக்குப் படிப்பவர்கள் இதை எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது ‘ஆமா’தான். அண்ணாவி ஒரு சேதி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” என்பார். சில நேரம் “அப்புறம்?” என்பார், “அப்படியா சொல்லுதீங்க?” என்று கேள்வியும் கேட்பார். இது சும்மா பேச்சுக்கு என்று நான் நினைத்திருந்தேன். தாத்தா சொன்னார், “ஏட்டி, அந்த ஆமா விழலைன்னா அண்ணாவிக்கு அடுத்த சொல் வராது. பாட்டு வரியோட கடைசிச் சொல்லை நாங்க திருப்பிப் பாடுதோம்லா? அந்த நேரத்துலதான் அவரு அடுத்த வரியைப் பிடிக்காரு.” விடிய விடிய ஒருவர் தாளைப் பார்க்காமல் பாடுவது எப்படின்னு இப்போது புரியுதா? ஞாபகம் அவர் தலையில் மட்டும் இல்லை. 5 பேர் வாயில் பங்கு போட்டு இருக்கிறது. (ஏடும் நோட்டும் அண்ணாவிகளிடம் உண்டு. அதைப் பார்த்து மனப்பாடம் செய்வார்கள். ஆனால் பாடும்போது நோட்டு எடுபடாது.)

இதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, “தாத்தா, முத்துப்பட்டன் கதையை மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றேன். 2 வரி சொன்னார். நின்றுவிட்டார். திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. ஆச்சி உள்ளே இருந்து ஒரு பழைய பானையைக் கொண்டு வந்து வைத்தாள். அதில் கையால் தட்டினாரோ இல்லையோ, கதை தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. என் பேனாவால் பிடிக்க முடியவில்லை.

கதை இதுதான். முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்மாரை விட்டுப் பிரிந்து போய் வாழ்கிறான். அவர்கள் தேடிவந்து ஊருக்கு அழைத்துப் போகும் வழியில், மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்க்கிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை, தோல் வேலை செய்கிறவர், மாடு காக்கிறவர். பெண் கேட்டுப் போனால், “பூணூலையும் குடுமியையும் எடுத்துட்டு, எங்களை மாதிரி செருப்புத் தைச்சுக் கொண்டா, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணம் முடிந்ததும் மாடு திருடர்களை எதிர்த்துச் சண்டை போட்டுச் சாகிறான். 2 பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக இருக்கிறான். அங்கே காணிக்கையாகச் செருப்புக் கொடுப்பார்கள். கோயிலுக்குள் செருப்பு போகக்கூடாது என்பார்கள், இங்கே சாமிக்கே செருப்பு!

இந்தக் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 2 பெண்களும் உண்மையில் பிராமண வீட்டில் பிறந்தவர்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சில இடங்களில் பாடுகிறார்கள். இந்தக் கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, அது பின்னால் சேர்த்த பகுதி என்று கருதினார் என்று தமிழம்மா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவர்கள் பிராமணப் பெண்கள் என்றால் பட்டன் செருப்புத் தைத்ததற்கு என்ன அர்த்தம்? தாத்தாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நாங்க ரெண்டு மாதிரியும் பாடியிருக்கோம். எந்த ஊர்ல, யாரு முன்னால உக்காந்திருக்கான்னு பாத்துப் பாடுவோம்” என்றார். “நம்ம ஊர்ல?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். நான் நோட்டில் ஒன்றை நீல மையிலும் இன்னொன்றைச் சிவப்பு மையிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வருஷக் கொடையில் நடந்ததையும் சொல்லணும். ராத்திரி பாட்டுக் கச்சேரி வைத்துவிட்டு, வில்லுக்கு 1 மணி நேரம் மட்டும் கொடுத்தார்கள். கல்யாணம் வரைக்கும்கூடப் பாடி முடியவில்லை, மைக்கை வாங்கிவிட்டார்கள். அவசரமாக வாழி பாடி எழுந்தார்கள். வழக்கமாகச் சாமி இறக்கிற கட்டத்தில்தான் வில்லடி வேகமாகும், கோமரத்தாடிக்கு அருள் வரும். அண்ணாவி அதைப் பார்த்துத்தான் பாட்டைக் கூட்டுவார், குறைப்பார். அன்றைக்கு அது எதுவும் நடக்கவில்லை. “பட்டனை மலையிலயே விட்டுட்டு வந்துட்டோம்” என்று தாத்தா பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. கூட இருந்த 5 பேரில் இப்போது 3 பேர்தான் இருக்கிறார்கள்.

குடம் அடிக்க எனக்குச் சொல்லித் தாங்கன்னு கேட்டேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?” என்றாள் ஆச்சி. நான் விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி அம்மாள் என்ற பெண் ஊர் ஊராகப் போய் வில் பாடி, வயதான பிறகும் பேர் வாங்கியவர். 2018-ல்தான் காலமானார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்காகக் காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதிய சுப்பு ஆறுமுகம் அய்யா நம் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022-ல் இறந்துபோனார். அவர் மகளும் வில் பாடுகிறார். இதையெல்லாம் சொன்னதும் ஆச்சி ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, விட்ட இடத்தில் இருந்து முடித்துக் கொடுங்க தாத்தா என்று கேட்டேன். சாமி கதையைத் திண்ணையில் பாடலாமா என்று யோசித்தார். பிறகு கை கால் கழுவி, விளக்கு ஏற்றச் சொன்னார். பானையை என் பக்கம் தள்ளி, “நீ அடி” என்றார். என் அடி பாதி நேரம் தப்பிப் போனது. ஆனால் ‘ஆமா’ மட்டும் சரியாக விழுந்தது என்று சொன்னார். பட்டன் செத்த இடத்தில் தாத்தா குரல் உடைந்தது. நான் “ஆமா” சொன்னேன். அவர் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். அடுப்படியில் இருந்த ஆச்சி எப்போது வந்து நிலைப்படியில் நின்றாள் என்று தெரியாது. வாழி பாடி முடித்த பிறகுதான் தாத்தா தண்ணீர் கேட்டார்.