சிவப்பும் வெள்ளையும்: சிங்கப்பூரின் பழைய தீயணைப்பு நிலையம்

தீயணைப்பு நிலையம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிவப்பு வண்டியும் மணிச்சத்தமும்தான். வண்டி நிற்கிற கட்டடத்தை யாரும் கவனிப்பதில்லை. சிவில் படிக்கிற நாமே கவனிக்காதபோது மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? சிங்கப்பூர் ஹில் தெருவில் உள்ள மத்தியத் தீயணைப்பு நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். ராமநாதபுரம் சீமையில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத ஊர் குறைவு. அங்கே வேலை பார்க்கும் என் மாமா அனுப்பிய படத்தில்தான் இதை முதலில் பார்த்தேன்.

சிங்கப்பூரில் தீயணைப்புப் படை 1888-இல் அமைக்கப்பட்டது. பிறகு, இந்தத் தொழிலிலேயே பழகிய மாண்டகு பெட் என்ற ஆங்கிலேயர் கண்காணிப்பாளராக வந்தார். அவர் காலத்தில், 1908-09-இல் எழும்பியதுதான் இந்தக் கட்டடம். அங்கே இன்றிருக்கும் தீயணைப்பு நிலையங்களில் இதுவே பழையது.

பார்த்ததும் கண்ணில் படுவது நிறம். பூசாத செங்கல் ஒரு பட்டை, வெள்ளையடித்த பூச்சு ஒரு பட்டை என்று சுவர் மாறி மாறிப் போகும். அந்நாளில் இங்கிலாந்தில் பரவலாக இருந்த பாணி இது. ரத்தமும் கட்டுத்துணியும் மாதிரி இருக்கிறதென்று வேடிக்கையாக அதையே பெயராக வைத்துவிட்டார்கள். நம்ம கடற்கரையில் செங்கலை இப்படிப் பூசாமல் விட்டால் சில வருஷத்திலேயே உப்புப் பூத்து உதிர ஆரம்பித்துவிடும்.

ஆனால் நிறத்தைவிட எனக்குப் பிடித்தது கோபுரம். உயரம் சுமார் 100 அடி. சும்மா அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கு இரண்டு வேலை. டெலிபோன் எல்லா இடத்துக்கும் வராத காலத்தில் மேலே ஒருவர் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே புகை கிளம்புகிறதோ அந்தத் திசைக்கு வண்டி போகும். இரண்டாவது, குழாய் காயப்போடுவது. அப்போதைய தண்ணீர்க் குழாய்கள் துணியால் நெய்தவை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி வலையை நம்ம ஆட்கள் தினமும் கரையில் விரித்துக் காயவைத்தார்களே, அதே காரணம்தான். நீளமான குழாயைத் தரையில் விரிக்க இடம் ஏது? கோபுரத்துக்குள் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

மற்ற அமைப்புகளும் இப்படித்தான். கீழே தெருவைப் பார்த்த அகலமான வாசல்கள், வண்டி திரும்பாமல் நேராக வெளியே பாய்வதற்கு. வீரர்களின் குடும்பங்களுக்கும் அந்த வளாகத்திலேயே வீடு. மாடியிலிருந்து வழுக்கி இறங்கும் கம்பம் 1878-இல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்பு அதிகாரி கண்டுபிடித்தது. அதுவும் இங்கே உண்டு. படியில் இறங்கினால் வீணாகும் சில நொடிகளுக்காக மாடித்தளத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள்!

இத்தனை நொடிகளை மிச்சம் பிடித்தும் தீயிருக்கும் இடத்தில் பாதை இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. 25-5-1961 அன்று சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பு எரிந்தது. வீடுகளுக்கு அத்தாப்புக் கூரை, அதாவது நம்ம கீற்று மாதிரிதான். சந்துகள் குறுகல், குழாயில் தண்ணீர் அழுத்தமும் போதவில்லை. 4 பேர் இறந்தார்கள், சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தில் அரசாங்கம் பின்னர் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது.

நம்ம மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 6-8-2001 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். எவ்வளவு வேகமாக வண்டி கிளம்பினால் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்?

ஹில் தெரு நிலையம் 1998-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் ஒரு பகுதி காட்சிக்கூடமாகவும் இருக்கிறது. ஆனாலும் தீயணைப்பு வேலையை விடவில்லை. இன்றும் அங்கிருந்து வண்டி கிளம்புகிறது.

சர்வே பிராக்டிகலுக்கு டேப் எடுத்து வந்த அன்று எங்கள் தெருவையும் அளந்து பார்த்தேன். தெருவில் 14 கீற்று வீடுகள். நுழைகிற முனையில் அகலம் 7 அடி 4 அங்குலம். தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 8 அடி.