முகாம் இரவுகளுக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து தங்கும் மையங்களிலும் கோடை முகாம்களிலும் இருபத்தாறு வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் நான். இந்த வருடம் அந்தப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன்.

1. சட்டம் வந்த வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் விதி. நிர்வாகப் பொறுப்பில் நிலையான சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் கிடையாது. ஆனால் அந்தச் சம்பளம் ஒரு வரம்புக்குக் குறையக் கூடாது. வாரம் 455 டாலராக இருந்த வரம்பை 2016 டிசம்பர் 1 முதல் 913 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஒன்பது நாள் இருக்கும்போது டெக்சாஸ் நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2020-இல் 684 ஆனது. 2024 ஜூலையில் 844 ஆக ஏறியது. அதே வருடம் நவம்பரில் மறுபடியும் டெக்சாஸில் ரத்தாகி, வரம்பு பழைய 684-க்கே திரும்பியது. வரம்பு இறங்கிவிட்டதே என்று, ஏற்றிக் கொடுத்த சம்பளத்தை மட்டும் பிடுங்காதீர்கள். வாடகையை அந்தச் சம்பளத்தை நம்பி ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

2. பதவியின் பெயர் யாரையும் ஓவர்டைமிலிருந்து விலக்காது. 'ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை மாட்டியிருப்பார். நாள் முழுக்க வேன் ஓட்டுவார், சிற்றுண்டி பரிமாறுவார், பிள்ளைகளோடு பந்து விளையாடுவார். சம்பளம் வரம்புக்கு மேல் இருந்தாலும், அவருடைய முக்கிய வேலை எது என்றுதான் சட்டம் பார்க்கும்.

3. எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் மணிக்கணக்கு எழுதச் சொல்லுங்கள். 2016-இல் அந்த அறிவிப்பு வந்தபோது நானும் எங்கள் மையத்தில் எழுதச் சொன்னேன். வாரம் நாற்பது மணி என்று நான் நம்பியிருந்த ஒரு பெண்ணின் தாளில் ஐம்பத்திரண்டு இருந்தது. அழைத்துப்போக அப்பா வரத் தாமதமான பிள்ளையோடு உட்கார்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்குப் பதில் அனுப்பியது, வண்ணக் காகிதம் வாங்கக் கடைக்குப் போனது என்று வரிவரியாக இருந்தது. எத்தனையோ வருடம் அதை நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் சொல்லாமல் அவர் செய்த வேலையானாலும், தெரிந்தும் தடுக்காமல் விட்டால் அது கூலிக்கு உரிய வேலைதான்.

4. ஆளைக் குறைக்க நினைப்பதற்கு முன் வாரத்தைப் பாருங்கள். சட்டத்துக்கு வாரம் என்பது தொடர்ச்சியான 168 மணி நேரம். அது எந்தக் கிழமையில் தொடங்கும் என்பதை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஓவர்டைமை ஏய்க்க அடிக்கடி மாற்றக் கூடாது, அவ்வளவுதான். சனிக்கிழமை சுற்றுலா இருந்தால், அதே வாரத்தில் புதன் காலையை அவருக்கு விடுப்பாகக் கொடுங்கள். 'அடுத்த வாரம் எடுத்துக்கொள்' என்பது தனியார் தொண்டு நிறுவனத்துக்குச் செல்லாது. நகராட்சிப் பொழுதுபோக்குத் துறை போன்ற அரசு அமைப்புகள் மட்டும், கூடுதலாக உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மணி விடுப்பு கொடுத்து ஈடு செய்யலாம். பல புதியவர்கள் இடறி விழுவது இங்கேதான். நகராட்சியில் வேலை பார்த்துவிட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு வருகிறவர்கள் பழைய வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

5. முகாம் இரவு தனிக் கணக்கு. 24 மணி நேரமோ அதற்கு மேலோ பணியில் இருப்பவருக்கு, தூக்க நேரத்தில் எட்டு மணி வரை கழிக்கலாம். அதற்கு அவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஒழுங்கான படுக்கை இருக்க வேண்டும், ஐந்து மணி நேரமாவது தூங்க முடிந்திருக்க வேண்டும். நடுராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுந்தால் அந்த நேரம் வேலை நேரம். அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவரை விடப் பெரிய வேலை செய்பவர் உங்கள் மையத்தில் யாரும் இல்லை. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பருவகால முகாமுக்கு ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கு உண்டு. வருடம் முழுதும் நடக்கும் மையம் கோடையில் 'முகாம்' என்று பலகை மாட்டிக்கொண்டால் அந்த விலக்கு தானாக வந்துவிடாது.

6. "பிள்ளைகளுக்காகத்தானே, தன்னார்வமாகச் செய்யுங்கள்" என்று சம்பளக்காரரிடம் கேட்காதீர்கள். அவர் செய்துவரும் அதே வகை வேலையை அதே நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்ய முடியாது. அவரே முன்வந்தாலும் முடியாது.

7. மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவில் ஒரே நாளில் எட்டு மணி தாண்டினாலே ஓவர்டைம்.

8. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே ஓவர்டைமுக்கு ஒரு வரி போடுங்கள். கொடுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து நான் பல வருடம் போடவில்லை. கேட்ட முதல் வருடமே கொடுத்தார்கள். கூட்டம் நெரியும் மாலை நேரத்துக்கு மட்டும் கல்லூரி மாணவர்களைப் பகுதிநேரமாக எடுங்கள். பிள்ளைகளுக்கான நேரத்தைக் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை அந்தப் பிள்ளைக்குப் போக வேறு இடம் இல்லை.

9. வியாழக்கிழமை இரவு மணிக்கணக்குத் தாள்களைப் பாருங்கள். யாருக்காவது முப்பத்தாறு ஆகிவிட்டிருந்தால், சனிக்கிழமை சுற்றுலாவுக்கு வேறு ஆளை அப்போதே கூப்பிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அவரையே அனுப்பி, ஒன்றரை மடங்கை முழுதாகக் கொடுங்கள்.