குதிரைக்குப் பதில் காற்று

கேள்வி: சக்கரம் வைத்த பலகையில் நின்றுகொண்டு, பெரிய பட்டம் இழுக்க, உப்பு வெளியில் ஒருவர் சீறிப் பாய்வதைக் காணொளியில் பார்த்தேன். இந்த விளையாட்டைத் தொடங்கியவர் யார்?

பதில்: இதற்கு வித்திட்டவர் விளையாட்டை நினைக்கவே இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஜார்ஜ் போகாக்குக்கு, குதிரை இல்லாமல் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. 1826இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பட்டங்கள், திசை திருப்ப நான்கு கயிறுகள், ஆட்கள் உட்கார ஒரு வண்டி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடியது. அந்நாளில் சுங்கச்சாவடியில் குதிரைகளை எண்ணித்தான் வரி வாங்குவார்கள். குதிரையே இல்லாத வண்டிக்கு எதை எண்ணி வரி கேட்பது? போகாக்கின் வண்டி காசு கொடுக்காமல் கடந்து போனது.

அதற்கு முன்பே, 1824இல், தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டத்தால் 270 அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார் மனிதர். இப்போது படித்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, மார்த்தா பத்திரமாக இறங்கினார். பிற்காலத்தில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸைப் பெற்ற தாய் இவர்தான்.

போகாக்கின் வண்டி பரவவில்லை. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் ரயில் இருக்கும்போது, காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் வண்டியில் யார் ஏறுவார்கள்?

பிறகு நெடுங்காலம் பேச்சில்லை. 1960களில் அமெரிக்காவின் டொமினா ஜால்பெர்ட் குச்சியே இல்லாத பட்டம் ஒன்றைச் செய்தார். இரண்டு துணி அடுக்குகள், நடுவில் வரிசையாக அறைகள். முன்பக்க வாய் வழியே காற்று புகுந்ததும் துணி உப்பி இறக்கை வடிவத்துக்கு வந்துவிடும். தரையில் மோதினாலும் ஒடிய ஒன்றுமில்லை. ஆளை இழுக்கும் அளவுக்குப் பெரிய பட்டத்தையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது இதனால்தான். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டு போகாக்குக்கு எவ்வளவு கடன்பட்டதோ அதே அளவு ஜால்பெர்ட்டுக்கும் கடன்பட்டது.

1990இல் நியூசிலாந்தின் பீட்டர் லின், பட்டம் இழுக்கும் மூன்று சக்கர பக்கியைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் மலைச்சரிவில் உருண்டு இறங்குவதற்கென்று, காற்றடைத்த டயர் போட்ட பலகைகள் வந்தன. பட்டத்தையும் பலகையையும் சேர்த்தது பல ஊர்களில் பலர் செய்த வேலை. ஒருவரை மட்டும் தந்தை என்று முடிசூட்டுவது நியாயமாகாது.

கேள்வி: கடற்கரை இருக்க, உப்பு வெளியைத் தேடிப் போவானேன்?

பதில்: தரைக்காகவும் காற்றுக்காகவும். மழைக்காலத்தில் உப்பு ஏரியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். மேடாக நிற்கும் உப்பைக் கரைத்துப் பள்ளத்தில் சேர்க்கும். வெயிலில் வற்றும்போது தளம் போட்டதுபோல ஆகிவிடும். இது ஆண்டுதோறும் நடக்கிறது. பொலிவியாவின் உயூனி உப்பு வெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அவ்வளவு பரப்பிலும் மேடுபள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பாருங்கள். மரமோ கட்டடமோ குறுக்கே இல்லாததால் காற்றும் சுழலாமல் சீராக வரும். ஆனால் உயூனி 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் காற்று வீசினாலும் இழுவை குறையும். பெரிய பட்டம் வேண்டும்.

சமவெளி என்றாலும் கண்ணாடி இல்லை. காய்ந்த உப்பு ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பாளம் பிரிந்து, ஓரங்களில் சின்ன வரப்புபோல எழும்பி நிற்கும். அதில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. விழுந்தால் உப்புப் படிகம் தோலைச் சீவிவிடும். பேரிங்கைத் துரு தின்னும். ஈரம் காயாதபோது போனால் மேலோடு உடைந்து சக்கரம் சேற்றில் புதையும். அந்தத் தடமும் அடுத்த வெள்ளம் வரும்வரை அழியாது. இதனால்தான் நன்றாகக் காய்ந்த பிறகே இறங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கேள்வி: காற்றைவிட வேகமாகப் போக முடியுமா?

பதில்: முடியும். பட்டம் ஒரே இடத்தில் நின்று இழுப்பதில்லை; காற்றுக்குக் குறுக்கே பாய்கிறது. பாயப் பாய அதன்மேல் படும் காற்றின் வேகம் கூடும். அந்த வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கெட்டித் தரையில் சக்கரத்துக்குத் தடையும் குறைவு. 2022 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில், விறைப்பான இறக்கை பொருத்திய ஹோரோனுக்கு என்ற வண்டியை கிளென் ஆஷ்பி மணிக்கு 222.4 கிலோமீட்டரில் ஓட்டினார். வீசிய காற்றைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்! பலகையில் நிற்பவர் அந்த வேகத்தை நெருங்க முடியாது. பலகைக்குப் பெரும்பாலும் பிரேக்கும் கிடையாது. பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே கொண்டுவந்து இழுவையைக் குறைத்துத்தான் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காற்று திடீரென வலுத்தால் ஆளையே தூக்கிவிடும். அப்போது பட்டத்தைக் கழற்றிவிட ஓர் அவசரப் பிடி இருக்கிறது. கற்றுக்கொள்பவர் முதலில் பழக வேண்டியது, கண்ணை மூடிக்கொண்டும் அந்தப் பிடியைத் தொட்டு இழுப்பதுதான்.