பதிவேட்டில் ஒரு பெயர்

சென்ற ஆண்டு நம் சங்கத்தார் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு சிறுவன் படித்து வந்தான். வயது எட்டு இருக்கும். பெற்றோர் கட்டட வேலைக்காகச் சேலத்துப் பக்கமிருந்து டில்லிக்கு வந்தவர்கள். பையன் கணக்கில் கெட்டிக்காரன். ஒருநாள் அவன் முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகள் இரண்டைக் கண்டேன். "என்னடா தம்பி இது?" என்று கேட்டேன். "அடுப்புல பட்டுடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். அடுத்த வாரம் விசாரிக்கலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. கட்டடம் முடிந்துவிட்டது, மேஸ்திரி அந்தக் குடும்பத்தை வேறு மாநிலத்துக்கு அழைத்துப் போய்விட்டார் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் மூன்று வாரம் 'வரவில்லை' என்று குறித்தோம். நான்காம் வாரம் அவன் பெயரைச் சிவப்பு மையால் நானே அடித்தேன்.

அந்தக் கோடு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அடுப்புச் சுட்டதா, ஆள் சுட்டதா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. நான் பௌதிகம் படிக்கும் மாணவன். சமூகப் பணி என் துறையன்று. ஆயினும், ஊர் மாறிச் செல்லும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பிற நாட்டார் என்ன விடை கண்டிருக்கிறார்கள் என்று ஓய்வு நேரங்களில் படிக்கத் தொடங்கினேன். பிரிட்டனில் ஐம்பது ஆண்டுகளாக இதற்கென்றே ஒரு முறை வளர்ந்து வந்திருக்கிறது. சில குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்து அந்நாட்டார் கற்ற பாடம் அது. அதனை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேடு பிறந்த வரலாறு

1973-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரைட்டன் நகரில் மரியா கோல்வெல் என்னும் ஏழு வயதுச் சிறுமி தன் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அவள் யாரும் அறியாத குழந்தையல்லள். பள்ளி ஆசிரியர்கள் அவள் மெலிவதைக் கண்டார்கள். அண்டை வீட்டார் புகார் சொன்னார்கள். சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பார் ஒருவருமில்லை. 1974-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இந்தக் குறையைத்தான் வற்புறுத்திச் சொல்லிற்று.

அவ்வாண்டே அரசாங்கம் உள்ளாட்சி மன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பகுதிதோறும் போலீஸ், மருத்துவம், பள்ளி, சமூகப் பணி ஆகிய துறையினர் கூடிப் பேச ஒரு குழு வேண்டும். தீங்கு நேரக்கூடும் என்று அஞ்சத்தக்க குழந்தைகளின் பெயர்களை ஓர் ஏட்டில் குறித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வாறு பிறந்ததே குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு. ஐயப்படும் மருத்துவரோ ஆசிரியரோ, "இந்தப் பெயர் உங்கள் ஏட்டில் உண்டா?" என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று விடை கிடைக்கும். அக்காலத்தில் இதுவே பெரிய முன்னேற்றம்.

பெயர் ஏறுவது எப்படி?

இப்பொழுது இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள முறையைக் காண்போம். இதற்கு அடிப்படை 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம். அதன் 47-ஆம் பிரிவின்படி, தன் எல்லைக்குள் வாழும் அல்லது தன் எல்லைக்குள் காணப்படும் ஒரு குழந்தைக்குப் பெருந்தீங்கு நேர்ந்திருக்கிறது, அல்லது நேரக்கூடும் என்று ஐயப்பட நியாயமான காரணம் இருந்தால், உள்ளாட்சி மன்றம் விசாரித்தே ஆகவேண்டும். 'வாழும் அல்லது காணப்படும்' என்ற சொற்களை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். குழந்தையின் சொந்த ஊர் எது, குடும்ப அட்டை எங்கே இருக்கிறது என்பன கேள்வியல்ல. குழந்தை இன்று நிற்கும் மண் எந்த மன்றத்தின் மண்ணோ, அந்த மன்றத்துக்கே பொறுப்பு.

புகார் வந்ததும் சமூகப் பணியாளர், போலீஸ், மருத்துவத் துறையினர் முதலியோர் கலந்து பேசுகின்றனர். விசாரணை வேண்டும் என்று முடிவானால், அந்தக் கலந்துரையாடல் நடந்த நாளிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் பாதுகாப்புக் கூட்டம் கூட்டப்பட வேண்டும். இக்கூட்டத்தில் பெற்றோரும் அமர்வார்கள். ஆசிரியரும் செவிலியும் அமர்வார்கள். வழக்கைக் கையாளும் அதிகாரியல்லாத வேறொருவர் தலைமை தாங்குவார். பெருந்தீங்குக்கு இடமுண்டு என்று கூட்டம் கருதினால் அக்குழந்தைக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்படும். உடல் வதை, மன வதை, பாலியல் வதை, புறக்கணிப்பு என்ற நான்கில் எது காரணம் என்பதும் குறிக்கப்படும். பிறக்காத சிசுவுக்கும் திட்டம் வகுப்பதுண்டு.

அதன் பின் 10 வேலை நாட்களுக்குள் மையக் குழு கூடும். யார் எப்போது வீட்டுக்குச் செல்வது, தந்தையின் குடிப்பழக்கத்துக்கு யார் சிகிச்சை ஏற்பாடு செய்வது, பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் யார் யாருக்குச் சொல்வது என்பன போன்றவற்றை இக்குழு பிரித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் மறு ஆய்வுக் கூட்டம். பிறகு ஆறு மாதத்துக்கு மிகாமல் மேலும் கூட்டங்கள். தீங்கு நீங்கிவிட்டது என்று கண்டால் திட்டம் முடியும். மிகுந்தால் வழக்கு நீதிமன்றம் செல்லும். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டே தவிர, இக்கூட்டத்துக்கு இல்லை. ஆகவே பதிவேட்டில் பெயர் ஏறுவது தண்டனையன்று. பிள்ளை பெரும்பாலும் தன் வீட்டிலேயே இருக்கும். காவல் மட்டும் கூடும்.

2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி நிலவரப்படி இங்கிலாந்தில் ஏறத்தாழ 50,000 குழந்தைகளுக்கு இத்தகைய திட்டம் இருந்தது. அடி உதையைவிடப் புறக்கணிப்பும் மன வதையுமே பெரும்பாலான வழக்குகளில் காரணமாகக் குறிக்கப்படுகின்றன.

எல்லைக் கோட்டில் ஒரு சிறுமி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஊரில் வாழும் குழந்தைக்குச் சரி. குடும்பம் பெயர்ந்தால்? லண்டன் மாநகரம் ஒன்றே 33 மன்றங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு தெருவைக் கடந்தால் மன்றம் மாறும், ஏடும் மாறும்.

விக்டோரியா கிளிம்பீ என்ற சிறுமி ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை ஓர் உறவினளிடம் ஒப்படைத்தார்கள். 1999 ஏப்ரலில் இருவரும் பிரான்ஸிலிருந்து லண்டன் வந்தனர். உறவினள் ஈலிங் மன்றத்தை அணுகித் தங்க இடம் கேட்டாள். ஈலிங் மன்றம் அளித்த விடுதியோ பிரென்ட் மன்றத்தின் எல்லையில் இருந்தது. ஜூலையில் அவர்கள் ஹாரிங்கே மன்றத்தின் எல்லையில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். அதே மாதத்தில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மருத்துவமனைகளில் விக்டோரியா காயங்களோடு சேர்க்கப்பட்டாள். லண்டனில் இருந்த நாளெல்லாம் அவள் பள்ளிக்கே போகவில்லை. எந்த வகுப்பிலும் அவள் வரவில்லை என்று குறிப்பாரும் இல்லை.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி விக்டோரியா இறந்தாள். வயது எட்டு. உடம்பில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. நான்கு உள்ளாட்சி மன்றங்களின் சமூகப் பணி இலாகாக்கள், போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள் ஆகிய இத்தனை பேரும் அவளை ஏதேனும் ஒரு வகையில் அறிந்திருந்தார்கள். விசாரணை நடத்திய லாமிங் பிரபு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் பன்னிரண்டு என்று எண்ணிக் காட்டினார்.

அதன் பயனாக 2004-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு மன்றத்திலும் குழந்தைகளுக்கென்று பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் இயக்குநர் வேண்டும் என்று அது விதித்தது. மன்றம், போலீஸ், மருத்துவத் துறை மூன்றும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேலும் உறுதியாயிற்று.

கையை விடாத விதி

இந்த முறை முழுவதிலும் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறிய விதி. பாதுகாப்புத் திட்டத்திலுள்ள ஒரு குழந்தை நிரந்தரமாக வேறு மன்றத்தின் எல்லைக்குப் போய்விட்டால், பழைய மன்றம் உடனே புதிய மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். செய்தி கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் புதிய மன்றம் தன் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டம் நடந்த பிறகுதான் பழைய மன்றம் தன் திட்டத்தை முடித்துக்கொள்ளலாம். அதுவரை முடிக்க உரிமையில்லை.

திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளையை ஒருவர் மற்றொருவரிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் பிடித்துக்கொண்டதைக் கண்ட பிறகல்லவோ கொடுப்பவர் கையை விட வேண்டும்? நம் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பள்ளி முதலில் பெயரை நீக்குகிறது. பிறகு சான்றிதழைப் பெற்றோர் கையில் கொடுக்கிறது. பிள்ளை புதிய பள்ளியில் சேர்ந்தானா என்பது பெற்றோர் பாடு. படிப்புக்கு அந்த வரிசை போதும் என்று சிலர் சொல்லலாம். உயிருக்கு அது போதாது. பெற்றோரே அஞ்சத்தக்கவராக இருக்கும் இடத்தில் சீட்டைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பிப் பயனில்லை.

ஏடு மட்டும் போதுமா?

போதாது என்பதையும் அவர்கள் துன்பப்பட்டே கற்றார்கள். 2007 ஆகஸ்டில் அதே ஹாரிங்கேயில் பீட்டர் என்னும் பதினேழு மாதக் குழந்தை வதைக்கப்பட்டு இறந்தது. அதன் பெயர் பதிவேட்டில் இருந்தது. அதிகாரிகள் பலமுறை வந்து பார்த்தும் இருந்தார்கள். பெயர் எழுதிவிட்டோம் என்ற நிம்மதி காவலாகாது.

இங்கிலாந்தில் தனிப் பதிவேடு என்பது 2008 ஏப்ரலோடு முடிவுற்றது. அதற்கு முன்பே செய்யப்பட்ட தீர்மானம் அது. பட்டியலைவிட, யார் என்ன செய்வது என்று கூறும் திட்டமே முக்கியம் என்பது அதன் கருத்து. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பதிவேடு என்ற பெயரே நீடிக்கிறது; ஆயினும் அங்கும் பெயரோடு திட்டம் உண்டு.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே மின்னணு ஏட்டில் அடக்கிவிடலாம் என்ற முயற்சியும் நடந்தது. 'கான்டாக்ட் பாயின்ட்' என்ற அந்த ஏற்பாட்டை அமைக்க 22 கோடி பவுனுக்கு மேல் செலவாயிற்று. குற்றமற்ற கோடிக் குடும்பங்களின் செய்தியை ஏன் திரட்ட வேண்டும் என்ற எதிர்ப்புக் கிளம்பியது. புதிய அரசாங்கம் 2010 ஆகஸ்டில் அதை மூடிவிட்டது. பின்னர் வந்த ஏற்பாடு இதைவிட அடக்கமானது. திட்டத்திலுள்ள குழந்தையும், மன்றத்தின் பராமரிப்பில் வளரும் குழந்தையும் அவசர சிகிச்சைக்கு எந்த ஊர் மருத்துவமனைக்கு வந்தாலும் அங்குள்ள கணினி அதைக் காட்டும். குழந்தையின் சொந்த மன்றத்துக்கும் தானே செய்தி போகும். தேவையான குழந்தையைப் பற்றித் தேவையானவருக்கு மட்டும் தெரிவிப்பது இதன் சிறப்பு.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை வேற்றூரைச் சேர்ந்ததாயின், விசாரித்து அதன் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றவும் அச்சட்டத்தில் இடமுண்டு. 1098 என்ற தொலைபேசி எண்ணை எந்த மாநிலத்திலிருந்தும் யாரும் அழைக்கலாம். அந்த எண்ணைச் சென்ற ஆண்டு நான் அழைத்திருக்கலாம். அழைத்திருந்தால் பையனின் பெயர், தகப்பனார் பெயர், மேஸ்திரி போன திசை ஆகிய மூன்றையாவது சொல்லியிருக்க முடியும்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பர் நம் பெரியோர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ஊரார் பிள்ளை யார்? நம் மொழி பேசிக்கொண்டு, நம்மைப்போலவே இந்தி தெரியாமல் திகைத்து, கட்டடத்துக்குக் கட்டடம் மாறித் திரியும் பிள்ளைகளல்லரோ?

ஆகவே மாலை வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டுவோம். பிள்ளை வராவிட்டால் எங்கே போனது, அங்கே யார் பார்த்துக்கொள்கிறார் என்பதை அதில் எழுதுவோம். அந்தப் பத்தி நிரம்பாத வரையில் எந்தப் பெயரையும் அடிக்க வேண்டாம். உடம்பில் காயம் கண்டால் அடுத்த வாரம் என்று இருக்க வேண்டாம். அன்றே 1098-ஐ அழைப்போம்.

சிவப்பு மையால் அடித்த அந்தப் பெயரை இந்த ஆண்டு ஏட்டில் முதல் வரியில் மீண்டும் எழுதியிருக்கிறேன். அவன் ஊர்க்காரர் ஒருவர் பொங்கலுக்குச் சேலம் போகிறார். விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.