பவுத்திரப் புண்ணும் ‘காய வைக்கும்’ மாத்திரையும்

“புண்ணுல இன்னும் நீர் வடியுது. அதே ஆன்டிபயாடிக்கை இன்னும் பத்து நாளைக்குக் குடுங்க.”

பவுத்திர ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருப்பவருக்காக மகனோ மருமகளோ மருந்துக் கடைக்கு வந்து கேட்பது இதைத்தான். கையில் மருந்துச் சீட்டு இருக்காது, காலியான அட்டை இருக்கும். நீர் நிற்பதற்குள் மாத்திரையை நிறுத்தினால் பவுத்திரம் திரும்ப வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லி அனுப்பியிருப்பார். மருந்தாளுநராக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆசனவாயின் உட்புறச் சுரப்பியில் சீழ் பிடித்து, அது தோல்வரை குடைந்துகொண்டு வந்த வழிதான் பவுத்திரம். பெரும்பாலும் அந்த வழியைக் கீறித் திறந்து, தையல் போடாமல் விட்டுவிடுவார்கள். காரணத்தோடுதான் விடுகிறார்கள். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே குழி தங்கி மறுபடி சீழ் கட்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். அதற்கு 6 முதல் 12 வாரம் ஆகலாம். அதுவரை வெளிர்மஞ்சள் நீர் கசியும், துணியில் கறை படியும், மலம் போகும்போது லேசாக ரத்தமும் தெரியும். ஆறுகிற புண்ணின் ஈரத்தைச் சீழ் என்று நினைத்து மாத்திரை விழுங்கினால் புண் ஒரு நாள்கூட முந்தி ஆறாது.

பவுத்திரம் திரும்பி வந்தால், பெரும்பாலும் உள்வாயோ கிளைவழியோ விட்டுப்போயிருக்கும். அதை அடைக்கிற மாத்திரை எந்தக் கம்பெனியிலும் கிடையாது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686இல் பவுத்திர ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு அவர் 1715வரை ஆண்டார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1841இல் மயக்க மருந்துகூட இல்லாமல் அதே ஆபரேஷன் செய்துகொண்டு தேறினார். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். திறந்துவிட்ட புண் தானாகவே ஆறும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு, புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவும் தொற்று என்று காரணம் இருந்தால் டாக்டரே ஆன்டிபயாடிக் எழுதுவார். எழுதிய நாளுக்கு ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நீங்களாக நீட்டிக்கும்போதுதான் வம்பு. சிப்ரோஃப்ளாக்சசினும் ஆஃப்ளாக்சசினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். வயதானவர்களுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வீங்கி, அறுந்தும் போகலாம். மெட்ரோனிடசோலை வாரக்கணக்கில் போட்டால் கால் மரத்துப்போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதுவே ரத்தக் கசிவைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கு வரலாம். ஆசனவாயில் திறந்த புண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாளில் எட்டுத் தடவை கழிப்பறைக்குப் போவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு வார்த்தை தேவையில்லை. வலி மாத்திரை போட்டால் புண் ஆறாது என்பது பொய். வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது இறுகி, புண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். பாராசிட்டமால் போடலாம், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் குறைவு. டைக்ளோஃபெனாக்கை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது. ட்ரமடால் மலச்சிக்கல் உண்டாக்கும், கூடவே மலமிளக்கி எழுதினார்களா என்று கேளுங்கள். ஈசப்கோல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு மட்டுமே. தினமும் நிலாவரைப் பொடி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவதற்கு டெட்டால் தேவையில்லை, அது புண்ணை எரிக்கும். படர்தாமரைக்கு வாங்கி வைத்த க்ரீமைப் புண்ணில் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, புதிய வீக்கம், சிறுநீர் போகாமை, கட்டி கட்டியாக ரத்தம்: இவற்றில் ஒன்று வந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். மருந்துக் கடைக்கு வராதீர்கள்.

டாக்டர் எழுதிய மருந்தை வாங்கக் கடைக்கு வரும்போது இன்னொன்று செய்யுங்கள். நான் பல காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது. மூன்று மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் தங்கிய துண்டோடு போய்விடுகின்றன. வீட்டுக்கு வருவது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. பாராசிட்டமால் தனியாக ஒன்று, அசெக்ளோஃபெனாக்கோடு சேர்த்து அதே பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இன்னொன்று என்று, இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். எது எதுவென்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், பில்லில் மருந்தின் பெயர், அளவு, காலாவதி மாதம் மூன்றையும் எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.